பாட்டின் மேல் வைத்த பொட்டு

என் செல்லத் தம்பி குமரேசா,

நீ இருக்கும் இடத்தில் தண்ணீர் எப்படி? நம் தெரு போர் தண்ணீர் இன்னும் அதே உப்புதான். குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறது. வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிப் போனவர்கள் எல்லாம் அங்கே தண்ணீர் தேன் என்கிறார்கள். நான் நம்பவில்லை. ஒருத்தியை பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடித் தட்டில் கொஞ்சம் ஊற்றிக் காயவைத்துக் காட்டினேன். அங்கேயும் வெள்ளைத் திட்டுதான். கெமிஸ்ட்ரி டீச்சரிடம் வந்து தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசலாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கீதாவின் கல்யாணம் வைகாசியில் நல்லபடியாக முடிந்தது. அன்று காலை மண்டபத்தில் நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உனக்குச் சரியான செய்தி என்னிடமிருந்துதான் வர வேண்டும். நடுவில் குறுக்கே பேசாமல் கேள். உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மாவட்டம் பிரிந்து கலெக்டர் ஆபீஸ் வந்த சமயத்தில்தானே நீ சவுண்ட் சர்வீஸ் ஆரம்பித்தாய்? ஊரே கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. நீயோ வேலூரில் யாரோ கழித்துப் போட்ட ரெக்கார்டு பிளேயரையும், டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டுகளையும் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாய். "ஏன்டா, கேசட் வாங்கினா ஆகாதா?" என்றேன். "கேசட்ட கையில வச்சிப் பாத்தா ஒண்ணும் தெரியலக்கா. ரெக்கார்டுல பாட்டு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கண்ணாலயே பாக்கலாம்" என்றாய். நான் டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே தூக்கி வைத்தேன்.

கேசட்டும் பிறகு வாங்கினாய். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் போடுவது அந்த நாதஸ்வர ரெக்கார்டுதான். அது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அந்த ரெக்கார்டுகள் பட்ட பாடு எனக்குத் தெரியும், உன்னை விட நன்றாகவே தெரியும். கழுவியவள் நான் அல்லவா? பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டம் கிளப்பிய தூசி, கார்த்திகை தீபத்தின்போது கற்பூரப் புகை, கல்யாண வீட்டு அடுப்புக் கரி, நீ இட்லி தின்ற கையோடு தொட்ட எண்ணெய், எல்லாம் முள் ஓடுகிற அந்த வரிகளுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், நீ பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாய். பிறகு நமக்குள் சண்டை ஆரம்பிக்கும்.

உன் கட்சி பூந்திக்கொட்டை. ராத்திரி ஊறவைத்து, காலையில் கசக்கி, நுரையைத் தொட்டுத் தேய்ப்பாய். அம்மாவின் பட்டுப் புடவைக்கே அதுதானே போட்டோம், ரெக்கார்டு என்ன அதை விட ஒசத்தியா என்று கேட்பாய். என் கட்சி வேறு. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொம்பு, ஷாம்பு இரண்டு சொட்டு, மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் ஒரு ஸ்பூன். மல் துணியில் நனைத்து வரி போகிற திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலச வேண்டும். காயவைப்பது நிழலில். நீ ஒருமுறை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, பொரித்த அப்பளமாக்கி எடுத்து வந்தாயே, அதை மறந்திருக்க மாட்டாய்.

"பூந்திக்கொட்ட அழுக்க எடுக்கும்டா, ஆனா தானே ஒட்டிக்கும். அப்புறம் அத யாரு எடுக்கறது?" என்று கேட்டால், "உன் ஸ்பிரிட்டு மூக்க எரிக்குது, ஆசுபத்திரிக்கு வந்தாப்புல இருக்குது" என்பாய். இது ஒரு பதிலா?

கடைசியில் நீயே என் கலவைக்கு மாறினாய், ஒரே ஒரு நாள். தேரடித் தெருவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தவர்கள் உனக்குக் கொஞ்சம் கனமான பழைய ரெக்கார்டுகளைக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் எதற்கு, ஷாம்பு எதற்கு என்று வெறும் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டு, கறுத்துப்போன துணியைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கே ஓடி வந்தாய்.

"அக்கா, பாருக்கா! எவ்ளோ அழுக்கு! நீ சொன்னது கரெக்ட்டுக்கா!"

"டேய், அது அழுக்கு இல்லடா. அது அரக்குல பண்ண ரெக்கார்டு. ஸ்பிரிட்டுல அரக்கு கரையும். ரெக்கார்டே வருதுடா உன் துணியில!"

நீ துணியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு, "அப்போ பாட்டு துணியிலதான் இருக்குதா இப்போ?" என்று கேட்டாயே பார். கோபத்தில் இருந்த நான் சிரித்து, கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன். அத்தோடு நீ பூந்திக்கொட்டைக்கே திரும்பிவிட்டாய்.

இதெல்லாம் சின்னச் சண்டை. பெரிய சண்டை ஆயுத பூஜைக்கு வரும். ஊரில் லாரிக்குப் பொட்டு வைத்தார்கள், தராசுக்கு வைத்தார்கள், தையல் மிஷினுக்கு வைத்தார்கள். நீ ஆம்ப்ளிஃபயருக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் வைத்துவிட்டு அதோடு நிறுத்தினாயா? ஒவ்வொரு ரெக்கார்டையும் உறையிலிருந்து எடுத்து, ஓரத்தில், பாட்டு ஆரம்பிக்கிற இடத்திலேயே சந்தனத்தை விரலால் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, நடுவுல லேபிள் இருக்குதே, அதுல வச்சா சாமி வேணான்னு சொல்லுமா?"

"லேபிளு காகிதம்க்கா. காகிதத்துக்கா பொட்டு வைப்பாங்க? பாட்டு எங்க இருக்குதோ அங்கதான வைக்கணும்?"

"அப்புறம் முள்ளு எப்படிடா ஓடும்?"

"அதெல்லாம் ஓடும். இன்னாக்கா நீ, நல்ல நாளும் அதுவுமா!"

ஓடத்தான் செய்தது. நீ நகத்தால் சுரண்டிவிட்டுப் போடுவாய். சுரண்டியதில் போகாத மிச்சம் வரிக்குள்ளே கிடக்கும். அதனால் உன் செட்டில் எந்த ரெக்கார்டு போட்டாலும் முதலில் டக்கு டக்கு டக்கு என்று கொஞ்ச நேரம் அடித்துவிட்டுத்தான் பாட்டு வரும். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் அந்தச் சத்தம் பிரசித்தம். குழாயில் டக்கு டக்கு என்று கேட்டாலே, குமரேசன் செட்டு வந்தாச்சு என்று பெண்கள் புடவை மாற்றப் போவார்கள். எனக்கு மானம் போகும். நான் அத்தனை பாடுபட்டுக் கழுவுவேன், நீ அடுத்த வருஷம் மறுபடியும் வைப்பாய். ஒரு வருஷம்கூட நீ விட்டதில்லை, நானும் திட்டாமல் இருந்ததில்லை.

உன் கடைசி ஆயுத பூஜைக்குச் சந்தனம் அரைக்க நேரமில்லை என்று கடையிலிருந்து சந்தன வில்லை வாங்கிக் கரைத்தாய். நாதஸ்வர ரெக்கார்டுக்கு எப்போதும் போல முதல் பொட்டு, பெரிய பொட்டு. விஜயதசமி கழிந்த வாரமே ஒரு கடைத் திறப்புக்குக் கம்பத்தில் குழாய் கட்டிவிட்டு இறங்கி வந்து, தண்ணீர் கேட்டு உட்கார்ந்தாயாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். உன் கூட்டாளி பாஷா தண்ணீரோடு வந்தபோது நீ இல்லை. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

உன் மனைவி செல்வி மற்ற ரெக்கார்டுகளைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பூஜை அறையில் சாமி படங்களோடு சாத்தி வைத்தாள். ஏன் தெரியுமா? அந்தச் சந்தனத்தில் உன் விரல் ரேகை இருந்தது. வில்லையில் பிசின் கலந்திருக்கும் போல, கல்லாக இறுகி, ரேகை அப்படியே பதிந்து நின்றது. அவள் தினமும் விளக்கேற்றிவிட்டு அதைப் பார்ப்பாள். இத்தனை வருஷமும் நான் அதைத் தொட்டதில்லை. கை துறுதுறுத்தது, ஆனாலும் தொடவில்லை.

கல்யாணம் நிச்சயமானதும் கீதா ஒரே பிடியாகப் பிடித்தாள். "என் கல்யாணத்துக்கு மொதல் ரெக்கார்டு அதுதான்னு அப்பா சொல்லியிருக்காரு. அது பாடணும். இல்லன்னா செட்டே வேணாம்" என்றாள். நீ சொன்னதுதான், எனக்கும் தெரியும். அவள் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். பாஷாவை வரவழைத்தோம். அவன் இப்போது கம்ப்யூட்டரில் பாட்டு போடுகிறான், விளக்கெல்லாம் சுற்றுகிறது. ஆனாலும் உன் பழைய பிளேயரைத் துடைத்து, பெல்ட் மாற்றி, ஓடவைத்துவிட்டான். முள்ளை வைத்தான். பொட்டின் மேல் ஏறி வழுக்கி வெளியே விழுந்தது. இன்னொரு தரம் வைத்தான், மறுபடியும் விழுந்தது.

"அக்கா, இத கழுவாம ஒண்ணும் ஆகாது. ஜாஸ்தி தடவ வச்சா முள்ளே போயிடும்" என்றான்.

செல்வி ரெக்கார்டைப் பறித்து மார்போடு வைத்துக்கொண்டாள். "கழுவினா அவரு கை போயிடும் அண்ணி" என்றாள்.

கீதா விடவில்லை. "பூஜ ரூம்ல வைக்கறதுக்கா அப்பா வாங்கினாரு? போடறதுக்குத்தானம்மா வாங்கினாரு?"

இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கழுவு கழுவு என்று உன் உயிரை எடுத்தவள், அன்று இருவரையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கழுவினால் உன் கை போகும். கழுவாவிட்டால் உன் வார்த்தை போகும். நீயே சொல், நீ என்ன செய்திருப்பாய்?

அடுத்த சில நாள் அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதுகூட என் மூலமாக நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வி ரெக்கார்டை ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"நீங்களே செய்ங்க அண்ணி. வேற யாரு கையும் படக் கூடாது. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றாள்.

நான் என் கலவையைத் தயார் செய்தேன். கலப்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, எத்தனை வருஷத்துக் கை! முதலில், செல்வி பரண் பெட்டியிலிருந்து கூடவே எடுத்து வந்திருந்த வேறு ஒரு ரெக்கார்டில், அதே வருஷத்துப் பொட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். சுற்றியிருந்த தூசியும் எண்ணெயும் போய்ப் பளபளவென்று ஆயிற்று. பொட்டு அசையவில்லை. ஸ்பிரிட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். குங்குமம் கரைந்தது, சந்தனம் அப்படியே இருந்தது. அழுத்தித் தேய்த்தால் வரி தேய்ந்துவிடும்.

செல்வி மெதுவாக, "அவரு பூந்திக்கொட்ட போடுவாரே அண்ணி" என்றாள்.

நான் முறைத்தேன். பிறகு எழுந்து போய் டப்பாவைத் தேடினேன்.

உன் நுரையில் ஒரு பஞ்சை நனைத்து அந்தச் சோதனைப் பொட்டின் மேல் வைத்துவிட்டு, இருவரும் காபி குடித்தோம். காபி முடிந்து பார்த்தால் சந்தனம் ஊறி, களியாகி, தானாக விட்டுக்கொண்டு வந்திருந்தது. பூந்திக்கொட்டையின் பிசுபிசுப்பு வரிக்குள் தங்கியிருந்தது, நான் அன்றே சொன்ன மாதிரி. அதை என் கலவை எடுத்தது. ஆக, உனக்குப் பாதி மார்க். முழு மார்க் கேட்டு வராதே, தர மாட்டேன்.

நாதஸ்வர ரெக்கார்டை மடியில் வைத்தேன். பஞ்சை வைப்பதற்கு முன் செல்வி, "ஒரு நிமிஷம் அண்ணி" என்று தடுத்து, தன் ஆள்காட்டி விரலை உன் ரேகையின் மேல் பட்டும் படாமலும் வைத்துப் பார்த்தாள். "அவரு விரலு எவ்ளோ பெருசு" என்றாள். பிறகு தலையாட்டினாள். நான் பஞ்சை வைத்தேன். இந்தமுறை காபி குடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் மஞ்சளாகி நின்றது. சாக்கடையில் ஊற்றக் கூடாது, கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்று செல்வி அதை என் கறிவேப்பிலைச் செடிக்குக் கொண்டு போனாள். "ஸ்பிரிட்டு இருக்குதும்மா, செடி பட்டுப்போயிடும்" என்றேன். அவள் கேட்கவில்லை, ஊற்றினாள். செடி பட்டுப்போகவில்லை. இன்று காலை ரசத்துக்குக்கூட அதில்தான் பறித்தேன்.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் பாஷா மண்டபத்து வாசலில் குழாய் கட்டி, உன் பிளேயரை மேஜைமேல் வைத்தான். கீதா பாதிப் பின்னலோடு மணமகள் அறையிலிருந்து ஓடி வந்து நின்றாள். செல்வி தூணைப் பிடித்துக்கொண்டாள். பாஷா பிஸ்மில்லா சொல்லி முள்ளை இறக்கினான்.

ஒன்றும் கேட்கவில்லை. டக்கும் இல்லை, டுக்கும் இல்லை. பாஷா பதறிப்போய் ஒயரைப் பிடித்து ஆட்டினான். "அக்கா, ஜாஸ்தி கழுவிட்டீங்களா? சத்தமே வரலியே!" என்றான். அவன் சொல்லி வாயை மூடுவதற்குள் நாதஸ்வரம் எழும்பியது.

குமரேசா, நான் அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். ஒரு கீறல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் கலவை சரி, நான் சொன்ன முறை சரி, எல்லாம் சரி என்று ஊருக்கே கேட்கும்படி நிரூபணமாகிவிட்டது.

முன்வரிசை நாற்காலியில் கீழ்பென்னாத்தூர் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, காது மட்டும் பாம்புக் காது. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி விசாலம், நம்ம புள்ள ரெக்கார்டு போடறோம்னீங்களே. எப்பப் போடுவீங்க?"

"இதோ பாடுதே பெரியம்மா. இதுதான்."

"இதுவா? போடி. இது குமரேசன் செட்டு இல்ல. அதுல மொதல்ல டக்கு டக்குனு வரும்."

நான் கீதாவைப் பார்த்தேன். அவளும் கேட்டிருந்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முகம் கோணிவிட்டது. "ஆமா அத்த. பாட்டு வந்துடுச்சு, அப்பா வரல" என்றாள்.

அவள் கன்னத்தைத் துடைத்து, மை கலையப்போகிறது என்று அதட்டி, உள்ளே அனுப்பினேன். பிறகு பாத்திரம் கழுவுகிற பக்கமாகப் போய் நின்று அழுதேன். நீ போன அன்றுகூட ஆட்கள் வருவார்கள், காரியம் நடக்க வேண்டும் என்று நான் அப்படி அழவில்லை. ஊரில் யாரும் இதை உனக்குச் சொல்லியிருக்க முடியாது, யாரும் பார்க்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து பந்தியை நானே நின்று கவனித்தேன். சாம்பாரில் உப்பு கம்மியாக இருந்தது, சொல்லிச் சரிசெய்தேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். எதிர்த்துப் பேசுவதில்லை, நம் குடும்பத்துக்கு அப்படி ஒருவர் தேவைதான். கீதாவுக்கு இப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது. செல்வி இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை, நீயும் விடாதே.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. பரணிலிருந்து பெட்டியை இறக்கி எல்லாவற்றையும் கழுவிவிட்டேன். சந்தனக்கட்டையும் கல்லும் எடுத்து வைத்திருக்கிறேன், கடை வில்லை கிடையாது. நாதஸ்வர ரெக்கார்டுக்கு இந்த வருஷம் நான் பொட்டு வைக்கிறேன். லேபிளில் இல்லை, நீ வைத்த அதே இடத்தில், பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில்தான். காய்ந்ததும் நகத்தால்தான் சுரண்டுவேன், தண்ணீர் தொட மாட்டேன். கீதாவின் வளைகாப்புக்கு அப்படியே போடச் சொல்லி பாஷாவிடம் பேசியாகிவிட்டது. பெரியம்மாவை முன்வரிசையில் உட்காரவைப்பது என் பொறுப்பு.

வளைகாப்பு முடிந்த மறுநாள் கழுவிவிடுவேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடியும் வைப்பேன். உன் வேலையும் சேர்த்து இனி நான்தான் பார்க்க வேண்டும், பார்க்கிறேன்.

உன்னைத் திட்டுவதை இன்னும் நிறுத்தாத,
உன் அக்கா
விசாலம்